ஸ்டார்ட்டர் காயில் (கம்பிச்சுருள்) வாங்கும் முன் வோல்ட்டைப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். லயத்துக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றுபோனது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்ததும் கருகிய வாடை. மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டரில், அதைக் காந்தமாக இழுக்கும் காயில் பழுப்பேறி உருகியிருந்தது.

இதற்காக முழு காண்டாக்டரையும் மாற்ற வேண்டியதில்லை; பல மாடல்களுக்குக் காயில் தனியாகவே கிடைக்கும். பழைய காயிலைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். மாடல் எண், வோல்ட், ஹெர்ட்ஸ், ஏசி கரண்டா டிசி கரண்டா, எல்லாம் பொருந்த வேண்டும். மோட்டார் 415 வோல்ட் என்பதால் காயிலும் 415 என்று நினைத்துவிடாதீர்கள். காயிலுக்கு வரும் கன்ட்ரோல் வயர் ஒரு பேஸும் நியூட்ரலும் என்றால் 240. இரண்டு பேஸ் என்றால் 415. 240 காயிலுக்கு 415 கொடுத்தால் சீக்கிரமே கருகிவிடும். 415 காயிலுக்கு 240 கொடுத்தால் சரியாக இழுக்காமல் உறுமும்.

சரி, பழைய காயில் ஏன் கருகியது? அதைப் பார்க்காமல் புதியதைப் போட்டால் அதுவும் போய்விடும். மெயினை அணைத்துப் பூட்டி, கரண்ட் இல்லை என்று டெஸ்டரில் உறுதி செய்த பிறகு காயில் இழுக்கும் இரும்புக் கோரைக் கழற்றினேன். அதன் முகத்தில் துரு, நடுவில் எறும்புக் கூடு! கோரின் இரு பாதிகளும் முழுதாக ஒட்டாவிட்டால் ஏசி காயில் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும். உலர்ந்த துணியால் துடைத்தேன். அரம் மட்டும் போடாதீர்கள், அந்த முகம் வழவழப்பாகவே இருக்க வேண்டும்.