நரிவேட்டைச் சவாரிக்கு உடுத்துவது எப்படி: ஸ்டாக் கட்டுவதிலிருந்து வால் ரிப்பன் வரை

இங்கிலாந்தின் வேட்டைக் குழு ஒன்றோடு முதல் தடவை போகிறவருக்குக் குதிரை ஏறத் தெரிந்திருக்கும், உடுப்புதான் குழப்பும். வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரி 18 அன்று அமலுக்கு வந்த பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டு நரியைக் கொல்வது குற்றம். இப்போது முன்கூட்டியே தரையில் இழுத்துப் போட்ட வாடையை நாய்கள் பின்தொடர்கின்றன. உடுப்பு விதிகளோ பெரும்பாலும் பழையபடியே இருக்கின்றன. (ஊட்டி வென்லாக் டவுன்ஸில் ஆங்கிலேயர் துரத்தியது குள்ளநரியை. கோட்டு என்னவோ அதே சிவப்புதான்.)

முதலில் தேதியைப் பாருங்கள். பருவத்தின் முறையான தொடக்கம் நவம்பர் முதல் வாக்கில். அதற்கு முந்தைய இலையுதிர்காலச் சவாரிகளுக்கு ட்வீட் கோட்டு, நிறமுள்ள ஸ்டாக் (கழுத்துத் துணி) அல்லது சாதாரண டை, பழுப்பு பிரீச்சஸ் (சவாரிக் கால்சட்டை) போதும். இந்த உடுப்புக்கு ‘ராட்கேட்சர்’ என்று பெயர். நவம்பரிலிருந்து கறுப்பு அல்லது கருநீலக் கோட்டு, வெள்ளை ஸ்டாக், மங்கிய மஞ்சள் அல்லது பழுப்பு பிரீச்சஸ், கறுப்பு பூட்ஸ். வெள்ளை பிரீச்சஸை ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள், அது சிவப்புக் கோட்டுக்குரியது.

சிவப்புக் கோட்டை நீங்களாக வாங்கிப் போட முடியாது, குழு அழைத்துக் கொடுக்க வேண்டும். வழக்கமாக மாஸ்டரின் (குழுத் தலைவர்) கோட்டில் முன்புறம் நான்கு பொத்தான், ஹன்ட்ஸ்மனுக்கு (நாய்களை நடத்துபவர்) ஐந்து, உறுப்பினருக்கு மூன்று. குழுவின் முத்திரை பதித்த பொத்தானும் அழைப்பின் பேரில்தான் கிடைக்கும். அதுவரை வெறும் பொத்தான். எல்லாக் குழுக்களுக்கும் சிவப்பு அல்ல. போஃபர்ட் குழு ஊழியர்கள் பச்சை, பெர்க்லியில் மஞ்சள். அந்தச் சிவப்பைப் ‘பிங்க்’ என்று சொல்வதற்கு பிங்க் என்ற தையற்காரர்தான் காரணம் என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் ஒன்றும் கிடையாது.

இனி ஸ்டாக். புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கழுத்தைச் சுற்றி வரும் நீளமான வெள்ளைத் துணி இது. கீழே விழுந்தால் கழுத்துக்குக் கொஞ்சம் தாங்கல். அடிபட்டவருக்குக் கட்டுப் போடவும், ஒடிந்த கையைத் தொங்கவிடவும் இதையே அவிழ்ப்பார்கள். பட்டு, சாட்டின் வேண்டாம், முடிச்சு நழுவும். பருத்தி பிக்கே (புடைத்த நெசவுள்ள) துணி வாங்குங்கள். ஈரம் காயும் முன் உள்பக்கமாக இஸ்திரி போடுங்கள். கஞ்சி லேசாகப் போதும். மொடமொடவென்று போட்டால் இரண்டு மணி நேரத்தில் தாடைக்குக் கீழே தோல் உரிந்துவிடும்.

1. காலர் இல்லாத, கழுத்துப் பட்டி மட்டும் உள்ள சட்டை போடுங்கள். ஸ்டாக்கின் நடுவிலுள்ள பொத்தான் துளையைச் சட்டையின் முன் கழுத்துப் பொத்தானில் மாட்டுங்கள்.

2. இரு முனைகளையும் பின்னால் கொண்டுபோங்கள். பின் கழுத்தில் துணியில் ஒரு பிளவு இருக்கும். ஒரு முனையை அதற்குள் நுழைத்து, இரண்டையும் முன்னால் கொண்டுவந்து இழுங்கள். ஒரு விரல் நுழையும் அளவு இறுக்கம் சரி. துணி முறுக்கிக்கொண்டிருந்தால் இங்கேயே நீவிவிடுங்கள், பிறகு முடியாது.

3. வலது முனையை இடது முனைக்கு மேல் போட்டு, அடியில் நுழைத்து மேலே இழுத்து இறுக்குங்கள். இப்போது அந்த முனை இடப்பக்கம் வந்திருக்கும்.

4. அதே முனையை மறுபடி மற்றதன் மேல் போட்டு, அடியில் நுழைத்து இறுக்குங்கள்.

நான்காவதில்தான் கை தன் பழக்கத்தில் திரும்பவும் ‘வலது மேல் இடது’ என்று போய்விடும். ஷூ லேஸ் அடிக்கடி அவிழ்வதும் இதே கோளாறால்தான். முதல் தடவை மேலே போன முனையே இரண்டாம் தடவையும் மேலே போக வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடியில் பார்த்தால் தெரிந்துவிடும். சரியான முடிச்சில் இரு முனைகளும் வலமும் இடமும் படுத்திருக்கும். தவறானதில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாகச் சாய்ந்து நிற்கும், முதல் வேலியைத் தாண்டும்போதே தளரும். சந்தேகம் வந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். இழுத்துச் சரிசெய்ய வராது.

5. முனைகளை விரித்து, முடிச்சு மறையும்படி ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே இறக்குங்கள்.

6. அலங்காரமில்லாத தங்க நிறப் பின்னைக் கிடைமட்டமாகக் குத்துங்கள். செங்குத்தாகக் குத்தினால் விழும்போது முனை தொண்டைப் பக்கமோ நெஞ்சுப் பக்கமோ திரும்பும். தொங்கும் முனைகளை வெயிஸ்ட்கோட்டுக்குள் சட்டையோடு சாதாரண ஊக்குகளால் பிடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றில் மேலேறி முகத்தில் அடிக்கும்.

மற்றவை சுருக்கமாக. பூட்ஸின் கார்ட்டர் பட்டையில் (முழங்காலுக்குக் கீழே கட்டும் வார்) கொக்கி வெளிப்பக்கம் வரணும், நுனியும் வெளிப்பக்கம் நோக்கணும். குதிமுள்ளின் (ஸ்பர்) கழுத்து கீழ்நோக்கி வளைய வேண்டும். வெல்வெட் தொப்பியின் பின்னால் ரிப்பன் நுனி தொங்குவது ஊழியருக்கான அடையாளம். உங்கள் தொப்பியில் அதை மேலே மடித்துத் தைத்துவிடுங்கள். தொப்பியில் தாடைப் பட்டை கட்டாயம் இருக்கட்டும், இதில் மரபைப் பார்க்காதீர்கள். மழைக்கு நூல் கையுறை ஒரு ஜோடியைச் சேணத்தின் மடலுக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். நனைந்த தோல் கையுறையில் கடிவாள வார் வழுக்கும். வேட்டைச் சாட்டை வைத்திருந்தால் அதன் நீண்ட வாரும் சேர்ந்தே இருக்க வேண்டும். வெறும் பிடியைத் தூக்கிக்கொண்டு திரிவது அரைகுறை.

குதிரைக்குப் பிடரி பின்னுவது நவம்பர் தொடக்கச் சவாரியிலிருந்து. இலையுதிர்காலத்தில் பின்ன வேண்டாம். கழுத்தில் ஒற்றைப்படை எண்ணிக்கை, நெற்றியில் ஒன்று. இரண்டு நாள் முன்பே குளிப்பாட்டிவிடுங்கள், அன்றைக்கே கழுவிய மயிர் கையில் நிற்காமல் வழுக்கும். ரப்பர் வளையத்தைவிட மயிரின் நிறத்து நூலால் தைப்பதே மேல். ரப்பர் நடுவழியில் அறுந்து போகும். சேணத்துக்கு அடியில் அதன் வடிவிலேயே வெட்டிய துணி போடுங்கள், சதுரத் துணி பயிற்சி மைதானத்துக்கு.

பிற்சேர்க்கை: முடிச்சுப் போட்டே விற்கும் ஸ்டாக் ஆகுமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். தூரத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் அவிழ்த்தால் கட்டுப் போட நீளம் இருக்காது, அதனால் எனக்கு உடன்பாடில்லை. இடக்கைக்காரர்கள் 3, 4 இரண்டிலும் வலது இடதை மாற்றிக்கொள்ளுங்கள், ‘அதே முனை’ என்ற விதி மட்டும் மாறாது.

இன்னொரு கேள்வி வால் ரிப்பன் பற்றி. சிவப்பு என்றால் உதைக்கும் குதிரை, பச்சை என்றால் அனுபவமில்லாத இளங்குதிரை. சிவப்பைக் கட்டிவிட்டுக் கூட்டத்தின் நடுவே நிற்கக் கூடாது. வேலிக் கதவு திறக்கக் காத்திருக்கும் நேரங்களில் கடைசியில், பின்பக்கம் யாருமில்லாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.