அரிசி டிரம், டம்ளர், மிக்ஸி: சமையலறைச் சத்தங்களை ஆதி தாளத்தில் கோர்ப்பது எப்படி?

மிக்ஸி ஓடினால் வீட்டில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். அதே மிக்ஸிச் சத்தத்தைப் பதிவுசெய்து நொடிக்கு நான்கு தடவை சீராக வெட்டிப் போட்டுப் பாருங்கள், கால் தானாகத் தட்ட ஆரம்பித்துவிடும். சத்தம் அதேதான், ஆனால் இப்போது சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருகிறது. 1948-இல் பாரிஸில் பியர் ஷாஃபர் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் ரயில் ஓசைகளைப் பதிவுசெய்து இசையாக்கி வானொலியில் ஒலிக்கவிட்டார். இசைத்தட்டின் ஒரே வளையத்தில் ஊசியைச் சிக்கவைத்து ஓசையைச் சுழலவிட்டவர் அவர். 78 சுற்றுத் தட்டில் ஒரு சுழற்சி சுமார் 0.77 நொடி. அந்த வேலையைத்தான் நாம் ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் செய்யப் போகிறோம்.

முதலில் பதிவு. மின்விசிறியை நிறுத்துங்கள், போனை ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். நான்கு ஒலிகள் போதும்: அரிசி டிரம்மில் உள்ளங்கையால் ஒரு தட்டு, எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டு, பொட்டுக்கடலை டப்பாவின் ஒரு குலுக்கல், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மிக்ஸி (காலி ஜாரில் வேண்டாம், ஏதாவது அரைக்கும்போதே எடுங்கள்). பதிவுச் செயலியில் இரைச்சலைத் தானாகக் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மிக்ஸியை அது விழுங்கிவிடும். முடிந்தால் வேவ் கோப்பாகச் சேமியுங்கள்.

ஆடாசிட்டியில் ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக் என்று இருக்கும், அடிக்கு ஒரு 'டிக்' போட்டு வழிகாட்டுவது அது. வேகம் 120, ஒரு சுற்றுக்கு 8 அடி என்று கொடுங்கள். 120 எதற்கு என்றால் கணக்கு எளிது: ஒரு அடி அரை நொடி, ஆதி தாளத்தின் எட்டு அடியும் சரியாக 4 நொடி.

அடுத்தது வெட்டுவது, இதில் அவசரப்படாதீர்கள். அலை வடிவத்தைப் பெரிதாக்கி, தட்டு விழும் அந்த முதல் உயரத்திலிருந்தே ஒலி தொடங்கும்படி முன்னால் இருக்கும் வெற்று நேரத்தை நீக்குங்கள். தேர்ந்தெடுத்தபின் இசட் விசையை அழுத்தினால் வெட்டும் இடம் அலை பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளிக்கு நகரும், 'டிக்' என்ற உறுத்தல் வராது. முன்னால் நூறில் இரண்டு பங்கு நொடி மிச்சம் இருந்தால்கூடத் தாளம் தள்ளாடும், அப்புறம் எந்த எஃபெக்ட் போட்டாலும் சரியாகாது.

இப்போது டிரம் ஒலிக்கு மட்டும் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' போய் வேகத்தைப் பாதியாக்குங்கள். ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், நீளமும் இரட்டிப்பாகும். பிளாஸ்டிக் டிரம் தவில் மாதிரி கனமாகப் பேசும். போன் ஸ்பீக்கரில் இது தெரியாது, ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். டம்ளருக்கும் டப்பாவுக்கும் ஹை பாஸ் ஃபில்டரில் 300 ஹெர்ட்ஸ் வைத்தால் அடியில் இருக்கும் உறுமல் போய்விடும்.

சரி, அடுக்கலாம். ஆதி தாளம் போடும்போது கை தட்டுவது 1, 5, 7-ஆம் அடிகளில், கையைத் திருப்பி வீசுவது 6, 8-இல். தட்டுகளுக்கு டிரம், வீச்சுகளுக்கு டம்ளர் என்று கொடுத்துவிடுங்கள். அதாவது தனித்தனி டிராக்கில், டிரம் 0, 2, 3 நொடிகளில், டம்ளர் 2.5, 3.5 நொடிகளில். விரல் எண்ணும் 2, 3, 4-ஆம் அடிகள் காலியாகத் தெரியும், அங்கே டப்பாதான் பேச வேண்டும். அதைக் கால் நொடிக்கு ஒன்றாக முழுச் சுற்றுக்கும் வையுங்கள். மூன்று டிராக்கையும் 0 முதல் 4 நொடி வரை தேர்ந்தெடுத்து நகலெடுத்து 4-ஆம் நொடியில் ஒட்டுங்கள். இப்படியே 8, 16, 32 என்று இரட்டித்தால் நான்கே ஒட்டலில் 64 நொடி வந்துவிடும்.

மிக்ஸியை நான்காவது டிராக்கில் போட்டு, ஒலியைச் சீராக ஏற்றி இறக்கும் ட்ரெமலோ எஃபெக்டைத் திறங்கள். அலை வகை ஸ்கொயர், அதிர்வு 4 ஹெர்ட்ஸ், அளவு 80 சதவீதம். நீளமாக இழுத்துக்கொண்டிருந்த ஓசை இப்போது அடிக்கு இரண்டு துண்டாக வெட்டப்பட்டு, டப்பாவோடு ஒட்டிக்கொண்டு ஓடும். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். ஒலியளவை மட்டும் நன்றாகக் குறைத்து வையுங்கள், சுருதிப் பெட்டி மாதிரி பின்னால் இருந்தால் போதும்.

டம்ளருக்கு டிலே. நேரம் 0.375 நொடி, அதாவது முக்கால் அடி. ஐந்து எதிரொலி, ஒவ்வொன்றுக்கும் மைனஸ் 6 டெசிபல். எதிரொலி ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி உயரத்தில் விழும், நான்காவதைத் தவிர மற்றவை அடிகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். அரை நொடி வைத்தால் எல்லாமே அடியின் மேலேயே விழுந்து மறைந்துவிடும். டிலேயைக் கட்டாயம் இரட்டித்த பிறகே போடுங்கள். நான்கு நொடித் துண்டில் போட்டால், 8-ஆம் அடியின் எதிரொலி சுற்று முடியும் இடத்தில் அறுந்துபோகும்.

கடைசியாக ரிதம் டிராக்கை ஊமையாக்கிவிட்டுக் கேளுங்கள். ஒலி அளவுமானி சிவப்பைத் தொட்டால் முதலில் டிரம்மைக் குறையுங்கள், பிறகு வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யலாம்.