கார் பெயின்டுக்கு எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது

புதுக் கார் புக் செய்த கையோடு ஷோரூமில் ஆரம்பித்துவிடுவார்கள். டெஃப்ளான் கோட்டிங் போட்டுடலாமா சார், செராமிக்னா இன்னும் நல்லா இருக்கும், அண்டர்பாடி கோட்டிங்கும் சேர்த்தா ரேட் குறைச்சுத் தரோம் என்று. வண்டி வாங்கும் சந்தோஷத்தில் பத்தாயிரமோ இருபதாயிரமோ பெரிதாகத் தெரியாது, தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். ஆனால் அதே காரை மறுநாள் முதல் எந்தத் துணியில் துடைக்கிறார்கள், எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெயின்டுக்குச் செலவழிக்கும் வரிசையே இங்கே தலைகீழாக இருக்கிறது. முதலில் துணி, அடுத்து ஷாம்பு, அதற்கப்புறம்தான் மேலே பூசுவது.

காரணம் எளிது. தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும், அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. பளபளப்பு மொத்தமும் அந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கிறது. இரவில் பார்க்கிங்கில் நிற்கும் கறுப்புக் கார் ஏதாவது ஒன்றின் பானெட்டில் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். அதெல்லாம் வெயில் போட்டதில்லை, மண்ணோடு சேர்த்துத் துடைத்த துணி போட்டது. வெள்ளை, சில்வர் கார்களிலும் உண்டு, கண்ணுக்குத் தெரியாததால் நிம்மதியாக இருக்கிறோம், அவ்வளவுதான்.

துணியிலிருந்து தொடங்குவோம். சிக்னலில் விற்கும் மஞ்சள் துணி, பனியன் வேஸ்ட், பழைய லுங்கி எதுவும் பெயின்டுக்கு வேண்டாம். மைக்ரோஃபைபர் வாங்குங்கள், ஆனால் மைக்ரோஃபைபர் என்று அட்டையில் போட்டிருப்பதெல்லாம் ஒன்றல்ல. பாக்கெட்டில் ஜிஎஸ்எம் எண் இருக்கும், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. 300, 400 ஜிஎஸ்எம் துணி வாக்ஸ் துடைக்க, உள்ளே டேஷ்போர்டு துடைக்கப் போதும். கழுவிய காரின் ஈரத்தை எடுக்க 800க்கு மேல் உள்ள தடித்த டவல் ஒன்று, அல்லது முறுக்கிய நூல் வைத்த டிரையிங் டவல் ஒன்று. ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளைப் பிய்த்துவிடுங்கள், அதுவே கீறும். ஷாம்பு போட்டுத் தேய்க்க ஸ்பாஞ்ச் வேண்டாம். தட்டையான ஸ்பாஞ்சில் மண் உள்ளே போக வழியில்லாமல் மேலேயே நின்று பெயின்டில் உரசும். நீள நூல் தொங்கும் வாஷ் மிட், அதாவது கையுறை மாதிரி மாட்டிக்கொள்வது, அதுதான் சரி. துணி கீழே விழுந்தால் அது அன்றோடு டயர் துணி. துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊற்றாதீர்கள், நூலெல்லாம் மூடிக்கொண்டு தண்ணீரை உறிஞ்சாது. காட்டன் துணியோடு சேர்த்தும் போடாதீர்கள், பஞ்செல்லாம் இதில் வந்து ஒட்டும்.

அபார்ட்மென்டில் மாதச் சம்பளத்துக்குக் கார் துடைக்கும் அண்ணன் இருந்தால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வாளித் தண்ணீரில் வரிசையாக எல்லா வண்டியையும் முடித்துவிட்டு அவர் அடுத்த பிளாக்குக்குப் போக வேண்டும். நாலு நல்ல துணி, ஒரு ஸ்ப்ரேயர் வாங்கி உங்கள் வண்டிக்கென்று அவரிடமே கொடுத்துவிடுங்கள். தினமும் துடைக்க வேண்டாம், வாரம் இரண்டு நாள் தண்ணீர் அடித்துத் துடைத்தால் போதும், சம்பளத்தில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிப் பாருங்கள். முதல் மாதம் நம்ப மாட்டார், அப்புறம் அவருக்கே பிடித்துவிடும்.

அடுத்தது ஷாம்பு. பிஹெச் நியூட்ரல் என்று போட்டிருக்க வேண்டும், அதாவது 7ஐ ஒட்டி. துணி துவைக்கும் பவுடர் காரத்தன்மை உள்ளது, வாக்ஸையும் அரிக்கும், ரப்பர் பீடிங்கையும் வெளுக்க வைக்கும். பாத்திரம் தேய்க்கும் ஜெல்லும் அப்படித்தான், எண்ணெயை எடுப்பதுதானே அதன் வேலை, பூசி வைத்த வாக்ஸும் அதற்கு எண்ணெய்தான். பழைய வாக்ஸைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு தடவை ஜெல் போட்டுக் கழுவுவதில் தப்பில்லை, அதையே வழக்கமாக்கிக்கொள்வதுதான் தப்பு. த்ரீஎம், சோனாக்ஸ், டர்டில் வாக்ஸ், மெகுவையர்ஸ், நம்மூர் வேவெக்ஸ், வாக்ஸ்பால், எது கிடைக்கிறதோ வாங்கலாம், அடிப்படை ஷாம்புவில் இவற்றுக்குள் உயிர் போகிற வித்தியாசம் எதுவும் இல்லை. நுரை அதிகம் வந்தால் நல்ல ஷாம்பு என்பதும் கிடையாது. கையில் தேய்த்துப் பார்த்தால் வழுக்க வேண்டும், மண்ணைப் பெயின்டில் உரசவிடாமல் வழுக்கிக்கொண்டு போவதுதான் ஷாம்புவின் பாதி வேலை. மூடியில் எழுதிய அளவுக்கு மேல் ஊற்றினால் காய்ந்த பிறகு திட்டுத் திட்டாக நிற்கும்.

வாளி இரண்டு. ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு கதவைத் தேய்த்ததும் மிட்டை வெறும் தண்ணீரில் அலசி மண்ணை விட்டுவிட்டு, அப்புறம்தான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள், சக்கரத்துக்குத் தனித் துணி. குழாயோ ஓஸோ வைத்துக் கழுவ வசதி இல்லாத இடத்தில் ரின்ஸ்லெஸ் வாஷ் என்று ஒரு சரக்கு கிடைக்கிறது, ஒரு வாளித் தண்ணீரில் சில மூடி ஊற்றினால் போதும், அலச வேண்டாம், அப்படியே துடைத்து எடுத்துவிடலாம். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற மாதிரி ஒரு காலத்தில் காருக்கு ஓஸ் பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா விட மாட்டார், அப்போது இதுதான் கைகொடுக்கும். சேறு அப்பிய காருக்கு மட்டும் இது சரிப்படாது, முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்கியாக வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஷாம்புவை விட அதுதான் பெரிய தலைவலி. போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து கிடக்கிறது. வெயிலில் கழுவினால் தண்ணீர் ஆவியாகிப் போய், உப்பு மட்டும் வெள்ளை வட்டமாக உட்கார்ந்துகொள்ளும், நாளாக நாளாகக் கிளியர் கோட்டையே அரிக்கும். சிக்கனம் என்று ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் காரைக் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள், தரை துடைக்க அது நல்ல யோசனை, காருக்கு மோசமான யோசனை, ஏனென்றால் மெஷின் வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் போகிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இதற்கு நேர் எதிர். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த தண்ணீர், உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. ஒரு கேனில் பிடித்து வைத்து, கழுவி முடித்ததும் கடைசியாக அதைத் தெளித்து டவலால் ஒற்றி எடுத்துப் பாருங்கள், கண்ணாடியில் ஒரு புள்ளி நிற்காது. ஏற்கெனவே புள்ளி விழுந்திருந்தால் வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, நிழலில், பானெட் சூடாக இல்லாதபோது, ஒரு நிமிடம் துணியில் நனைத்து வைத்து நன்றாக அலசிவிடுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் பாலிஷ்தான்.

கறைகளில் அவசரமானது பறவை எச்சம். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது, வெயிலில் சூடேறி இளகிய கிளியர் கோட்டில் அது குழி போட்டுவிடும், ஏப்ரல் மே மாதத்தில் ஒரு பகல் போதும். காய்ந்ததைச் சுரண்டாதீர்கள், ஈரத்துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து மெதுவாகத் தூக்கி எடுங்கள். மரத்திலிருந்து வடியும் பிசினுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால், தாருக்கு டார் ரிமூவர். ஆயுத பூஜைக்கு பானெட்டில் வைக்கும் சந்தனம் குங்குமத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் காய்ந்த சந்தனத்தை மறுநாள் வறண்ட துணியில் அழுத்தித் தேய்த்தால் பொட்டு வைத்த இடத்தில் வட்டமாகக் கீறல் நிற்கும். வெள்ளைக் காரில் மஞ்சள்தூள் கறை பிடித்தால் பதற வேண்டாம், ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டு வெயிலில் நிறுத்தினால் பெரும்பாலும் தானாக மங்கிவிடும். மாலை கட்டும்போது செலோடேப்பைப் பெயின்டில் ஒட்டாமல் கிரில்லில் நூலால் கட்டுங்கள்.

கழுவிக் காய்ந்த பிறகு கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். மணல் மணலாகத் தட்டுப்பட்டால் ஷாம்புவுக்குப் போகாத அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் பறக்கும் இரும்புத் தூள், பக்கத்துக் கட்டடத்தின் பெயின்ட் தெறிப்பு, இப்படி. இதற்குத்தான் கிளே பார், களிமண் மாதிரிக் கட்டி. கூடவே வரும் வழுக்குத் திரவத்தைத் தெளித்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் கட்டியையே தூக்கிப் போட்டுவிடுங்கள், காசுக்குப் பாவம் பார்க்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை போதும்.

இனி கடைக்காரர்களே போட்டுக் குழப்பும் மூன்று சொற்கள். காம்பவுண்ட் அரம், கிளியர் கோட்டைச் சீவித்தான் கீறலை மறைக்கிறது. பாலிஷ் அதே வேலையை நயமாகச் செய்வது. வாக்ஸ் எதையும் சீவாது, மேலே படலமாக உட்காரும். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ‘ரப்பிங் பாலிஷ்’ என்று பில்லில் ஏற்றுவார்களே, அது முதல் வகை, ஒவ்வொரு தடவையும் அந்த 40, 50 மைக்ரானில் கொஞ்சம் போகிறது. வண்டி விடும்போதே வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள்.

பூசுவதில் எதை எடுப்பது என்பது கார் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. கார்னௌபா வாக்ஸ் பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து வருவது, ஆழமான பளபளப்பு கொடுக்கும், கறுப்பு, சிவப்புக் கார்களில் பார்க்க அழகு. ஆனால் வெயிலில் நிற்கும் வண்டியில் ஒன்றரை இரண்டு மாதம் நின்றால் பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை காரைத் தேய்ப்பதே பொழுதுபோக்கு என்பவர்களுக்கு இது. மற்றவர்களுக்கு செயற்கை பாலிமர் சீலன்ட், நாலைந்து மாதம் வரும். சிலிக்கா கலந்த செராமிக் ஸ்ப்ரேயும் கிட்டத்தட்ட அதே கணக்கு, அடித்துத் துடைத்தால் முடிந்தது வேலை. தெருவில் நிறுத்தும் ஐந்து வருடக் காருக்கு என்னைக் கேட்டால் இதற்கு மேல் ஒரு ரூபாய் செலவழிக்க மாட்டேன். வாக்ஸோ சீலன்டோ கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளையாகப் பூத்து நிற்கும், அங்கே பெயின்டருடைய மாஸ்கிங் டேப்பை ஒட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

டெஃப்ளான் கோட்டிங் என்று விற்பதற்கு மட்டும் மயங்காதீர்கள். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் அந்தப் பொருள் உருகுவதே 327 டிகிரியில், அதற்கும் மேல் சூடேற்றித்தான் உலோகத்தில் பிடிக்க வைக்கிறார்கள். காரில் துணியால் தேய்த்தெல்லாம் அது பிடிக்காது. நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் ஒரு சாதாரண சீலன்டுக்கு, அதை நீங்களே சில நூறு ரூபாய்க்குப் போட்டுக்கொள்ளலாம்.

செராமிக் கோட்டிங் உண்மையான சரக்குதான், ஒழுங்காகப் போட்டால் ஒன்றிரண்டு வருடம் நிற்கும், தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு லேசில் ஒட்டாது. ஆனால் 9ஹெச் கடினம், சாவியால் கீறினாலும் ஒன்றும் ஆகாது என்பார்கள். அந்த 9ஹெச் பென்சில் அளவுகோல், பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனை, வைரத்தை வைத்து அளக்கும் அளவுகோல் அல்ல. சாவி கீறும், கல் தெறித்தால் பெயின்ட் போகும், மண் துணியில் துடைத்தால் வட்டக் கீறல் இதன் மேலும் விழும். போர் தண்ணீர்ப் புள்ளியும் விழும், போட்ட பிறகு எடுப்பது இன்னும் கஷ்டம். போடுவதானால் கடையில் கேட்க வேண்டியது எத்தனை லேயர் என்பதல்ல, போடுவதற்கு முன் பெயின்டை எப்படித் தயார் செய்வீர்கள் என்பது. உள்ளே இருக்கும் கீறலோடு சேர்த்துப் பூசிவிட்டால் அந்தக் கீறலையும் சேர்த்துத்தான் பாதுகாக்கும். பெயின்ட் கனம் அளக்கும் கருவி இருக்கிறதா, பாட்டிலை என் கண் முன்னால் பிரிப்பீர்களா, வாரன்டிக்காக வருடா வருடம் காசு கட்டி மெயின்டனன்ஸ் செய்ய வேண்டுமா, இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு கடை பாருங்கள்.

கல் தெறிப்பை உண்மையிலேயே தடுப்பது பிபிஎஃப், அதாவது பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம் ஒன்றுதான். 150 முதல் 200 மைக்ரான் கனத்தில் நிறமில்லாத பாலியூரித்தேன் படலம், லேசான கீறல் வெயில் சூட்டில் தானே மறைந்துவிடும். முழுக் காருக்கும் ஒட்டினால் பெரும்பாலும் லட்சத்தைத் தொடும், அதனால் அடிக்கடி ஹைவேயில் லாரிக்குப் பின்னால் ஓடுகிறவர்கள் முன் பம்பர், பானெட், சைடு மிரர், கதவுக் கைப்பிடிக் குழி, இவ்வளவு மட்டும் ஒட்டிக்கொண்டால் காசுக்கு ஈடு உண்டு. விலை குறைவாக விற்கும் பிவிசி படலத்தையும் பிபிஎஃப் என்றே சொல்லி ஒட்டுகிறார்கள், சீக்கிரம் மஞ்சளாகும், உரிக்கும்போது பசை நிற்கும். பாலியூரித்தேன்தானா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கார் கவர் போடும் பழக்கம் இருந்தால் கழுவிய காருக்கு மட்டும் போடுங்கள், தூசி மேல் போட்டுக் காற்றில் அது ஆடினால் உப்புத்தாள்தான். டீசலோ மண்ணெண்ணெயோ துணியில் தொட்டுத் துடைத்துப் பளபளப்பாக்கும் டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது வெறும் எண்ணெய்ப் பளபளப்பு, சாயங்காலத்துக்குள் ஊர்த் தூசியெல்லாம் அதில் உட்கார்ந்திருக்கும். மேட் ஃபினிஷ் கார் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன வாக்ஸ், பாலிஷ் எதையும் தொட வேண்டாம், மேட்டுக்கென்று தனியாக விற்பதை மட்டும் வாங்குங்கள்.

எங்காவது இடித்து டிங்கரிங், பட்டி பார்த்துப் புதிதாக பெயின்ட் அடித்த பாகம் இருந்தால் அதில் உடனே வாக்ஸோ கோட்டிங்கோ போடாதீர்கள். உள்ளே இருக்கும் தின்னர் முழுவதும் ஆவியாகி வெளியேற ஒன்றிரண்டு மாதம் வரை ஆகும், மூடிவிட்டால் பெயின்ட் மங்கும், கொப்பளிக்கவும் கூடும். பெயின்டரிடம் பெயின்ட் பூத்தில், அதாவது மூடிய அறையில் வைத்துச் சூடேற்றினாரா, வெயிலில் காயவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வெயிலில் காய்ந்தது என்றால் இரண்டு மாதமே வைத்துக்கொள்ளலாம். அதுவரை அந்தக் கதவுக்கு நியூட்ரல் ஷாம்பும் தண்ணீரும் மட்டும்.