பொட்டாசியம் பிரிந்த கதை: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

1807 அக்டோபரில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பொட்டாசியத்தைப் பிரித்தெடுத்தார். பாட நோட்ஸில் இது ஒரே வரி. அந்த ஒரு வரியிலும் தவறு இருக்கும்: ‘பொட்டாஷ் கரைசலில் மின்சாரம் செலுத்தினார்.’ (பொட்டாஷ் என்பது இங்கே காஸ்டிக் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு.)

செலுத்தியது உண்மைதான், ஆனால் அது தோற்றுப்போன முயற்சி. தண்ணீர்தான் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்தது. சரி, தண்ணீரே வேண்டாம் என்று உலர்ந்த பொட்டாஷை எடுத்தால் அது மின்சாரத்தைக் கடத்தவில்லை. நெருப்பில் உருக்கிச் செலுத்தினார். சுவாலைதான் கிளம்பியது, கையில் எதுவும் சிக்கவில்லை. கடைசியில் பொட்டாஷ் கட்டியைச் சில விநாடிகள் காற்றுபட வைத்தார். ஈரத்தை இழுத்து மேற்பரப்பு மட்டும் லேசாகக் கசிந்தது. அந்தக் கசிவே போதும். கட்டியைப் பிளாட்டினத் தட்டில் வைத்து, தட்டை மின்கல அடுக்கின் எதிர்முனையோடும், மேலே தொட்ட பிளாட்டினக் கம்பியை நேர்முனையோடும் இணைத்தார். கட்டி உருக, அடியில் பாதரசம் போல மின்னும் சிறு உருண்டைகள்! சில தோன்றியதுமே வெடித்து எரிந்தன. டேவி அறைக்குள் குதித்தாடினாராம்; உடனிருந்த உறவினர் எட்மண்ட் டேவி சொன்னது.

சில நாட்களில் சோடியமும் கிடைத்தது. அது சமையல் உப்பிலிருந்து வந்ததாக எழுதிவிடுகிறார்கள். இல்லை, காஸ்டிக் சோடாவிலிருந்து (சோடியம் ஹைட்ராக்சைடு).

மின்சாரம் இல்லாமல் பொட்டாசியம் கிடைக்காது என்பதும் தவறு. 1808-இல் பாரிஸில் வேதியியலாளர்கள் கே-லுசாக்கும் தெனாரும் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கொண்டே அதைப் பிரித்தார்கள், டேவியைவிட அதிக அளவில். வேடிக்கை என்னவென்றால், அது தனிமம்தானா என்று சந்தேகப்பட்டதும் அவர்களே: பொட்டாஷோடு ஹைட்ரஜன் சேர்ந்த பொருளாக இருக்கலாம் என்றார்கள். அடர்த்தி 0.86, தண்ணீரில் மிதக்கும் உலோகம். சந்தேகம் வராதா என்ன?

‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்லும் காலை வாரும். லித்தியம் என்ற புதுத் தனிமம் இருப்பதை 1817-இல் அறிந்தவர் சுவீடனின் ஆர்ஃப்வெட்சன். அவரால் உலோகத்தைப் பிரிக்க முடியவில்லை. அது பிறகு வேறு சிலர் கையில் நடந்தது. அறிந்ததையும் பிரித்ததையும் தனித்தனியாக எழுதுங்கள்.

அப்புறம், டேவி பொட்டாசியத்தை மண்ணெண்ணெயில் போட்டு வைத்ததாக எழுதாதீர்கள். அவர் பயன்படுத்தியது நாப்தா என்ற எளிதில் ஆவியாகும் எண்ணெய். மண்ணெண்ணெய் கடைக்கு வர இன்னும் சுமார் அரை நூற்றாண்டு இருந்தது.