விளம்பரம், பிஆர் (மக்கள் தொடர்பு) படிக்கப் போறீங்களா? இதை ஒரு தடவை செஞ்சு பாருங்க

விஸ்காம், மாஸ் காம் முடிச்சிட்டு அட்வர்டைசிங் பிஆர் பக்கம் போகணும்னு நினைக்கிறவங்க நிறைய பேர் டெல்லி ஐஐஎம்சி, அகமதாபாத் மைக்கானு காலேஜ் பேரை மட்டும்தான் தேடிட்டு இருக்காங்க, அதுவும் வேணும்தான், ஆனா இன்டர்வியூல முதல்ல கேக்குறது உங்க போர்ட்ஃபோலியோவத்தான், அதாவது நீங்களே செஞ்சு வச்ச வேலைகளோட தொகுப்பைத்தான்.

அதுக்கு காசே செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு. பங்குச்சந்தைல இருக்கிற கம்பெனிங்க தங்களோட பிரஸ் ரிலீஸை (பத்திரிகைகளுக்குக் கொடுக்கிற செய்திக்குறிப்பு) பிஎஸ்இ, அதாவது மும்பை பங்குச்சந்தை வெப்சைட்ல போடுவாங்க, யார் வேணா எடுத்துப் படிக்கலாம். ஒரு ரிலீஸை எடுங்க, மறுநாள் தினத்தந்தி, இந்து தமிழ் திசைல அது எப்படி வந்திருக்குன்னு பக்கத்துல வச்சுப் பாருங்க. சிஇஓ சொன்ன நீட்டு வசனம் காணாம போயிருக்கும், நாலாவது பாராவுல கிடந்த நம்பர் தலைப்பாகி இருக்கும். சில நாள் நியூஸே வந்திருக்காது, அது ஏன்னு யோசிக்கிறதுதான் பிஆர்ல பாதிப் படிப்பு (பாக்கிப் பாதி போன் பேசுறது).

கிரைசிஸ் பாடத்துக்கு (கம்பெனிக்கு நெருக்கடி வர்றப்போ என்ன பேசுறதுங்கிறது) மேகி நூடுல்ஸ் கேஸை எடுத்துக்கோங்க, 2015 ஜூன்ல தடை, ஆகஸ்ட்ல பாம்பே ஹைகோர்ட் அதை ரத்து பண்ணுச்சு, நவம்பர்ல திரும்ப கடைக்கு வந்துச்சு. அந்த அஞ்சு மாசத்துல நெஸ்லே கம்பெனி எந்த நாள் என்ன சொன்னாங்க, எப்போ வாயே திறக்கலைன்னு தேதி வாரியா எழுதி, நீங்களா இருந்தா முதல் நாள் என்ன அறிக்கை விட்டிருப்பீங்கன்னு ஒரு பக்கம் சேர்த்துடுங்க. தமிழ்லயும் ஒரு வெர்ஷன் வைங்க, சென்னை ஏஜென்சில இங்கிலீஷ்ல எழுதின வாசகத்தை அப்படியே தமிழாக்காம சொந்தமா எழுதுற ஆளுக்கு இன்னும் தட்டுப்பாடுதான்.