பேரிங் மாற்றியும் சக்கரச் சத்தம் நிற்கவில்லையா? அடுத்த பாகத்தை வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து காரின் முன்பக்க இடது சக்கரத்தின் பேரிங்கை (சக்கரம் தடையில்லாமல் சுழல உதவும் பாகம்) நானே மாற்றினேன். மாலையில் புறவழிச்சாலைக்கு எடுத்துப் போனால், வேகம் ஐம்பதைத் தாண்டியதும் அதே 'ஊம்ம்ம்'. புது பேரிங்தான் மட்டம் என்று முடிவு கட்டி இன்னொன்று வாங்கிப் போட்டேன். அப்போதும் சத்தம் போகவில்லை. கடைசியில் பார்த்தால், பின்பக்க டயர்கள் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தன. டயரை இப்படித் தின்றது உழைத்து ஓய்ந்த ஷாக் அப்சார்பர், அதாவது சக்கரத்தின் குலுக்கலை அடக்கும் பாகம்.

வேலை முடிந்த பிறகும் சத்தம் இருந்தால் முதலில் இதைக் கேளுங்கள்: இது பழைய சத்தமா, புதுச் சத்தமா? பழையதே தொடர்ந்தால், பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. புதிதாக வந்த சத்தம் என்றால் நாம் கைவைத்த இடத்தில்தான் தேட வேண்டும். இதைப் பிரிக்காமல் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே போவதுதான் பணத்தை விழுங்கும் தவறு. ஸ்பேனரை எடுக்கும் முன்பே, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஒரே சாலையில் ஒரே வேகத்தில் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து நம் காது சொல்வதை நம்ப முடியாது.

காது இன்னொரு விஷயத்திலும் ஏமாற்றும். சத்தம் வண்டியின் உடல் வழியாகப் பயணிப்பதால், வலது பக்கக் கோளாறு இடது பக்கம் கேட்பது போல இருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத அகலமான சாலையில், மிதமான வேகத்தில் ஸ்டீயரிங்கை மெதுவாக இடதுபுறம் திருப்பிப் பாருங்கள். அப்போது வண்டியின் எடை வலது சக்கரங்கள் மேல் சாயும். சத்தம் கூடினால் வலது பக்க பேரிங் மேல் சந்தேகப்படலாம். இடதுபுறம் திருப்பும்போது கூடுகிறது, ஆகவே இடது பேரிங் என்று தலைகீழாகக் கணக்குப் போட்டு, நல்ல பேரிங்கைக் கழற்றியவர்கள் நிறையப் பேர்.

டயரா பேரிங்கா என்பதில்தான் குழப்பம் அதிகம், ஏனென்றால் இரண்டின் சத்தமும் வேகத்தோடு சேர்ந்து ஏறும். தார்ச்சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு மாறும்போது சத்தத்தின் தன்மையும் மாறினால் டயரைப் பாருங்கள். டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் இரண்டு திசையிலும் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலவும் இருந்தால் தேய்மானம் சீராக இல்லை. இன்னும் உறுதி வேண்டுமென்றால் அதே பக்கத்து முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் இடம் மாறினால் பேரிங்குக்குச் செலவு செய்யாதீர்கள். ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டதால்தான் நான் இரண்டு பேரிங் வாங்கினேன்.

சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இல்லை, அதனால் பேரிங் நன்றாக இருக்கிறது என்பதும் தவறு. ஆட்டமே இல்லாமல் இரையும் பேரிங்குகள் உண்டு. வண்டியைத் தூக்கி, அடியில் முட்டுக் கொடுக்கும் ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம்), ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையைச் சுருள் ஸ்பிரிங் மேல் வையுங்கள். மணல் அரைபடுவது போல அதிர்வு தெரிந்தால் பேரிங் போய்விட்டது. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்து இன்ஜினைப் போட்டுச் சுழற்றவே கூடாது. மறு சக்கரம் தரையில் நிற்பதால் இது இரு மடங்கு வேகத்தில் சுற்றும், ஆபத்து.

சரி, பேரிங்தான் கோளாறு என்று உறுதியாகி மாற்றிய பிறகு புதிதாக இரைச்சல் வந்தால்? பொருத்திய விதத்தைச் சந்தேகியுங்கள். பேரிங்கை நக்கிளுக்குள் (பேரிங்கைத் தாங்கும் உலோகக் கூடு) இறக்கும்போது அழுத்தம் வெளி வளையத்தில் மட்டுமே விழ வேண்டும். ஹப்பை (சக்கரம் பொருத்தப்படும் நடுப்பகுதி) ஏற்றும்போது உள் வளையத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுக்க வேண்டும். இதை விட்டுச் சுத்தியலால் அடித்தால் விசை உள்ளே இருக்கும் குண்டுகள் வழியாகப் போய் அவை ஓடும் பாதையில் குழி விழும். முதல் நாளிலிருந்தே பேரிங் முனகும். ஹப்பின் நடுவில் இருக்கும் ஆக்சில் நட்டைக் குத்துமதிப்பாக இறுக்குவதும் அப்படித்தான். வண்டிக்குரிய அளவில் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) வைத்து இறுக்கும் முன் காரை உருட்டக்கூட வேண்டாம்.

வேலை முடிந்ததும் 'கிர்ர்... கிர்ர்' என்று உரசினால் உடனே பயப்படத் தேவையில்லை. பெரும்பாலும் பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு வேலையின்போது வளைந்திருக்கும், அல்லது நடுவில் ஒரு கல் சிக்கியிருக்கும். தகட்டைக் கையாலேயே நிமிர்த்தலாம். பிரேக் பேட் மாற்றியிருந்தால் கிளிப்புகள் எல்லாம் திரும்ப ஏறினவா, காலிப்பரின் (பேடை டிஸ்க் மேல் அழுத்தும் பாகம்) ஸ்லைடு பின், அதாவது அது நகர உதவும் கம்பி, தடையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். அந்தப் பின்னுக்குச் சாதாரண கிரீஸ் போடாதீர்கள், அதன் ரப்பர் உறை உப்பிவிடும்.

அப்புறம், வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். 'டக் டக்' என்று சத்தம் கேட்டு ஸ்டீயரிங்கும் உதறினாலோ, ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருந்தாலோ, மேற்கொண்டு சோதனை ஓட்டம் வேண்டாம். ஓரமாக நிறுத்தி, நட்டுகளைப் பாருங்கள். அவை இறுக்கமாக இருந்தும் காரணம் புரியவில்லை என்றால், மெக்கானிக்கை அந்த இடத்துக்கே வரவழையுங்கள்.