ரிக்கெட்ஸ் கிளென்: இரண்டாம் முறைதான் சரியாகப் பார்த்தோம்

பென்சில்வேனியாவில் உள்ள இந்த மாநிலப் பூங்காவில் பெயரிட்ட அருவிகள் மட்டும் 22. முதல் தடவை, அக்டோபர் சனிக்கிழமை, பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மேலே லேக் ரோஸ் பக்கம் வண்டி நிறுத்த இடமே இல்லை. கீழே 118ஆம் நெடுஞ்சாலையிலிருந்து ஏற ஆரம்பித்தோம். முழுச் சுற்று 7.2 மைல். இரண்டு ஓடைகள் கூடும் வாட்டர்ஸ் மீட் என்ற இடம் வருவதற்குள் அம்மாவுக்கு முழங்கால் விட்டுப்போனது. அங்கேயே திரும்பிவிட்டோம். 94 அடி உயர கனோகா அருவியைப் பார்க்காமல் வந்தது எனக்கு ஆறவே இல்லை.

அடுத்த முறை புதன்கிழமை, காலை ஏழு மணிக்கே லேக் ரோஸில் இருந்தோம். கனோகா கிளென் (கிளென் என்றால் குறுகிய பள்ளத்தாக்கு) வழியாக இறங்கி, வாட்டர்ஸ் மீட்டில் திரும்பி, கிளென் லீ வழியாக ஏறி, ஹைலண்ட் பாதையில் வண்டிக்கே வந்துவிடலாம். 3.2 மைல்தான், ஆனால் அருவிகளில் பெரும்பகுதி இதற்குள் வந்துவிடும். ஏற்றம் கடைசியில் வருவதால் அம்மாவுக்காகப் பாதி நேரத்தைத் திரும்பும் வழிக்கே ஒதுக்கினேன். அருவிக்கு அருவி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்.

கற்படிகள் எப்போதும் ஈரம். பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். போனில் சிக்னலை நம்ப வேண்டாம், வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. பனிக்காலத்தில் பாதை முழுக்க உறைந்துவிடும். உறைபனியில் ஏறி இறங்குவதற்கான கருவிகள் இல்லாமல் இறங்கவே கூடாது.

கனோகாவின் அடியில் அம்மா வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "குளிக்க விடுவாங்களா?" என்று கேட்டார்.